தரை இடைவெளியா, சில்லு வீச்சா? திருகோணமலை உட்பாதைகளில் ஜீப்பும் டபுள் கெப்பும் ஓட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்பட்ட பிறகு, திருகோணமலையிலிருந்து மூதூர், வெருகல் ஊடாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ15 வீதிக்குச் சாதாரணக் காரே போதும் என்றாகிவிட்டது. அந்த வீதியை விட்டு வயலுக்கோ, குளக்கட்டுக்கோ, மாட்டுப்பட்டிக்கோ திரும்பும் பாதைகள் மட்டும் பழையபடியே இருக்கின்றன. வேலை நிமித்தம் பல ஆண்டுகளாக அப்பாதைகளில் ஓட்டிவருபவன் என்பதால், ஒவ்வொரு மாரிக்கு முன்னும் என்னிடம் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் அப்படியே கிடந்ததால், புதிய வாகனம் தேடுவதை விட்டுக் கையில் இருப்பதையே உயர்த்தியும் மாற்றியும் பாவிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களை மனத்தில் வைத்தே இந்த விடைகளை எழுதியிருக்கிறேன்.

தரை இடைவெளி என்பது என்ன, சில்லு வீச்சு என்பது என்ன?

கராஜ்களில் கிளியரன்ஸ் என்று சொல்லப்படும் தரை இடைவெளி, சமதரையில் நிற்கும் வாகனத்தின் அடிப்பாகத்தில் மிகவும் தாழ்ந்த இடத்துக்கும் தரைக்கும் இடையிலான உயரமாகும். ஆர்ட்டிகுலேஷன் என்று சொல்லப்படுவதை நான் சில்லு வீச்சு என்று எழுதுகிறேன். ஒரு சில்லு மேட்டில் ஏறி, இன்னொரு சில்லு பள்ளத்தில் இறங்கும்போது, நான்கு சில்லுகளும் தரையை விடாமல் எவ்வளவு தூரம் ஒன்றுக்கொன்று மாறாக ஏறி இறங்க முடியும் என்பதே அது. முதலாவது, வாகனத்தின் வயிறு எதிலும் முட்டாமல் காக்கிறது. இரண்டாவது, டயர் தரையைப் பிடித்திருக்கச் செய்கிறது. வாகனம் சிக்குவதும் பெரும்பாலும் இந்த இரண்டு விதமாகத்தான்: ஒன்றில் வயிறு எதன்மேலாவது குந்திவிடும், அல்லது டயர் பிடியை இழந்து சும்மா சுற்றும். எந்த விதத்தில் சிக்கினோம் என்று தெரியாமல் செலவழிக்கும் பணம் வீணாகும் என்பதால்தான் இவற்றைப் பிரித்து எழுதுகிறேன்.

விற்பனைக் கையேட்டில் உள்ள தரை இடைவெளி எண்ணை நம்பி வாங்கலாமா?

அந்த எண் பொய்யானதல்ல. ஆனால் அது ஒரேயொரு புள்ளியின் உயரத்தை மட்டுமே சொல்கிறது, அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. 2018 இல் வந்த சுசுகி ஜிம்னியை எடுத்துக்கொள்வோம். அதன் தரை இடைவெளி 210 மில்லிமீற்றர், முன்பின் சில்லுகளுக்கு இடையிலான நீளம் 2250 மில்லிமீற்றர். அந்த 210 மில்லிமீற்றர் வாகனத்தின் நடுவயிற்றில் இருந்திருந்தால், வயிறு தட்டாமல் தாண்டக்கூடிய மேட்டின் கோணம் 22 பாகைக்கு மேல் வராது. நிறுவனம் தரும் கோணமோ 28 பாகை. அப்படியானால் நடுவயிறு 210 மில்லிமீற்றரைவிட நன்றாகவே உயரத்தில் இருக்கிறது என்பதும், தாழ்ந்த புள்ளி அச்சிலுள்ள டிபரன்ஷல் கூடுதான் (இயந்திரத்தின் விசையை இடது வலது சில்லுகளுக்குப் பிரிக்கும் பற்சக்கரங்கள் உள்ள பெட்டி) என்பதும் விளங்கும். வரப்பைக் கடக்கும்போது வயிற்று உயரமும், உழவு இயந்திரத் தடத்தில் போகும்போது டிபரன்ஷலின் உயரமும் முக்கியம். கையேட்டில் உள்ள ஒற்றை எண் இந்த இரண்டுக்கும் சேர்த்து விடை தராது.

வாகனத்தின் நீளமும் இதில் சேர்கிறது. டயரின் வளைவைக் கணக்கில் எடுக்காத எளிய கணக்கின்படி, நடுவயிறு 300 மில்லிமீற்றர் உயரத்தில் இருந்தால், 2250 மில்லிமீற்றர் நீளமுள்ள ஜிம்னி ஏறத்தாழ 30 பாகை மேட்டைத் தாண்டும். 3085 மில்லிமீற்றர் நீளமுள்ள டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப் அதே வயிற்று உயரத்துடன் 22 பாகையைத்தான் தாண்டும். கந்தளாய்ப் பக்கத்து வாய்க்கால் கட்டுகளில் நீண்ட டபுள் கெப் வயிறு தட்டும் இடத்தில் சின்ன ஜீப் சத்தமில்லாமல் போய்விடுவதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஐந்து பேரும் நெல் மூட்டைகளும் ஏறிய பிறகு அந்த எண் அப்படியே இருக்காது. உங்கள் வாகனத்தில் வழக்கமாக ஏற்றும் பாரத்தை ஏற்றிவிட்டு, ஒரு அளவு நாடாவுடன் கீழே குனிந்து நீங்களே அளந்து பாருங்கள். அந்த அளவுதான் உங்கள் பாதைக்குப் பொருந்தும் அளவு.

ஒரு சில்லு தரையை விட்டால் மற்ற மூன்றும் இழுக்காதா? வாகனம் ஏன் நின்றுவிடுகிறது?

தம்பலகாமத்தில், உடைந்த மதகு ஒன்றின் பக்கத்தால் வாய்க்காலைச் சரிவாகக் கடக்க முயன்ற ஒரு டபுள் கெப்பை நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். உரிமையாளர் எனக்குத் தெரிந்தவர், வாகனத்தை அண்மையில்தான் இரண்டு அங்குலம் உயர்த்தியிருந்தார். முன் இடது சில்லு கரையில் ஏறி நின்றது, பின் இடது சில்லு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கியது. அவர் எக்சிலேற்றரை அழுத்தும்போதெல்லாம் தொங்கிய சில்லு மட்டும் சுற்றி, ஒட்டியிருந்த சேற்றைக் கட்டிகட்டியாகப் பின்னால் எறிந்தது. தரையில் இருந்த பின் வலது சில்லு அசையவே இல்லை. குறுக்கே மறுபக்கம் எடை குறைந்து நின்ற முன் வலது சில்லும் சேற்றில் வழுக்கிச் சுற்றியது. வயிற்றுக்கும் தரைக்கும் இடையில் ஒரு ஆட்டுக்குட்டி நுழைந்துபோகும் அளவுக்கு இடம் இருந்தது. தரை இடைவெளியில் குறையே இல்லாத வாகனம் அது, இருந்தும் ஓர் அடிகூட நகர முடியவில்லை.

காரணம் டிபரன்ஷலில் இருக்கிறது. பூட்டு இல்லாத சாதாரண டிபரன்ஷல், இடது வலது சில்லுகளுக்குச் சுழற்று விசையைச் சமமாகவே பிரிக்கும். காற்றில் தொங்கும் சில்லு எதிர்ப்பே இல்லாமல் சுற்றுவதால் அதற்குத் தேவைப்படும் விசை மிகச் சொற்பம், ஆகவே தரையில் உள்ள சில்லுக்கும் அதே சொற்பம்தான் போய்ச் சேரும். ஃபோர் வீலில் போட்டாலும், முன் அச்சிலும் குறுக்காக ஒரு சில்லு எடை இழந்து நிற்கும்போது நிலைமை மாறுவதில்லை. சில்லு வீச்சு போதுமான அளவு இருந்திருந்தால், அந்தப் பின் இடது சில்லு வாய்க்காலின் அடியைத் தொட்டிருக்கும்.

வாகனத்தை உயர்த்தினால் இரண்டும் சேர்ந்து கூடுமா?

பெரும்பாலும் கூடாது. உயர்த்தும் வேலையில் நம்மவர்கள் ஏமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஒரு ஷொக் அப்சோபர் முழுதும் சுருங்கி முழுதும் நீளும் தூரம் 200 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். வாகனம் சமதரையில் நிற்கும்போது அது நடுவில் நின்றால், சில்லு மேலே ஏற 100, கீழே இறங்க 100 இருக்கும். இப்போது உயரமான ஸ்பிரிங் போட்டு, ஷொக் அப்சோபரை மாற்றாமல் 50 மில்லிமீற்றர் உயர்த்தினால், மேலே ஏற 150 மில்லிமீற்றரும் கீழே இறங்க 50 மில்லிமீற்றரும் ஆகிவிடும். மொத்தம் அதே 200 தான். பள்ளத்தில் இறங்கித் தரையைத் தேட வேண்டிய சில்லுக்கு முன்பிருந்ததில் பாதித் தூரமே மிஞ்சும். தம்பலகாமத்தில் தொங்கிய சில்லுக்கு நடந்தது இதுவே.

இரண்டாவது விடயம் ஸ்பிரிங்கின் கடினம். உயர்த்துவதற்கு எளிய வழி என்று பட்டை ஸ்பிரிங்கில் ஓர் இலையைக் கூட்டுவார்கள், அல்லது பாரவேலைக்கான தடித்த சுருளைப் போடுவார்கள். பாரம் ஏற்றும்போது அது பயன்படும். வெறும் வாகனமாக ஓடும்போது அந்த ஸ்பிரிங் அமுங்கவே மாட்டாது, அதனால் மேட்டில் ஏறிய சில்லு சுருங்கிக் கொடுக்காமல் வாகனத்தையே தூக்கிவிடும், எதிர்ப்பக்கச் சில்லு காற்றில் நிற்கும். டபுள் கெப்பின் பின் ஸ்பிரிங் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ஏறக்குறைய ஒரு தொன் பாரத்தைச் சுமக்கவென்று அமைக்கப்பட்டது. அதற்கு மேலும் ஓர் இலையைச் சேர்ப்பது, வெறும் பெட்டியுடன் வயலுக்குப் போய்வருபவருக்கு நட்டம் என்றே சொல்வேன்.

ஆகவே உயர்த்துவதென்றால், நீளமான ஷொக் அப்சோபர், அதே மென்மையுள்ள ஆனால் நீளமான ஸ்பிரிங், நீளத்துக்கு ஈடுகொடுக்கும் பிரேக் குழாய், சில்லு முழுதும் ஏறும்போது கடைசியில் முட்டும் இறப்பரின் சரியான இடம் ஆகியவற்றைச் சேர்த்துச் செய்தால்தான் சில்லு வீச்சு குறையாமல் இருக்கும். இவற்றில் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லும் கராஜிடம், ஷொக் அப்சோபர் கீழே எவ்வளவு இறங்கும் என்று கேளுங்கள்.

முழு அச்சு நல்லதா, முன்னால் தனித்தனியாக அசையும் சஸ்பென்ஷன் நல்லதா?

முழு அச்சில் இடது வலது சில்லுகள் ஒரே உறுதியான குழாயின் இரு முனைகளில் இருக்கின்றன. ஒரு சில்லு 300 மில்லிமீற்றர் கல்லில் ஏறினால், அச்சின் நடு 150 மில்லிமீற்றர் உயரும். டிபரன்ஷல் கூடும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு மேலெழுந்து, பக்கத்திலுள்ள கற்களைத் தாண்டிவிடும். ஒரு பக்கம் ஏறும்போது மறுபக்கச் சில்லைத் துலாக்கோல் போலக் கீழே அழுத்துவதும் இந்த அச்சின் குணம். இன்னுமொரு நன்மை, எவ்வளவு பாரம் ஏற்றினாலும் டிபரன்ஷலுக்கும் தரைக்கும் இடையிலான உயரம் மாறுவதில்லை, ஏனெனில் அதைத் தாங்குவது டயரே, ஸ்பிரிங் அல்ல.

தனித்தனியாக அசையும் சஸ்பென்ஷனில் டிபரன்ஷல், வாகனத்தின் அடிச்சட்டமான சேசியுடன் பொருத்தப்பட்டிருக்கும். வெறுமையாக நிற்கும்போது அது உயரத்தில் இருக்கும், கையேட்டில் எண் அழகாக வரும். பாரம் ஏறும்போதும், குழியில் வேகமாக இறங்கி ஸ்பிரிங் அமுங்கும்போதும், டிபரன்ஷல் சேசியுடன் சேர்ந்து தாழும். மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அந்த இடைவெளி சுருங்குகிறது என்பதை மறக்கக் கூடாது. தார் வீதியில் இந்த அமைப்பு மிக நல்லது. அநுராதபுரத்துக்கு ஏ12 வீதியால் வாரம் இருமுறை போய்வருபவருக்கு முழு அச்சை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டொயோட்டா லாண்ட் குரூசரின் வரலாற்றிலேயே இந்தத் தெரிவைக் காணலாம். 1990 இல் வந்த 80 தொடரில் முன்னும் பின்னும் முழு அச்சும் சுருள் ஸ்பிரிங்கும் இருந்தன. 1998 இல் வந்த 100 தொடரில் பெரும்பாலான சந்தைகளுக்கு முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷனாயிற்று. 1970 இல் வந்த ரேஞ்ச் ரோவரும், 1983 இல் வந்த லாண்ட் ரோவர் வன் டென்னும் முழு அச்சை வைத்துக்கொண்டே பட்டை ஸ்பிரிங்கை விட்டுச் சுருளுக்கு மாறின. சில்லு வீச்சையும் சொகுசையும் ஒன்றாகப் பெற அந்தக் காலத்தில் கண்ட வழி அது.

இரண்டையும் வேறு வழியில் தேடிய வாகனங்களும் உண்டு. மெர்சிடிஸ் பென்ஸ் யுனிமொக்கில் அச்சு, சில்லின் மையத்துக்கு மேலாகப் பொருத்தப்பட்டு, சில்லருகே உள்ள பற்சக்கரங்கள் மூலம் விசை கீழிறக்கப்படுகிறது. அதனால் டயரைப் பெருக்காமலே டிபரன்ஷல் உயர்ந்து நிற்கிறது, சேசியும் முறுகிக் கொடுக்கிறது. அமெரிக்க ஹம்மர் எச்1 அதே பற்சக்கர முறையைத் தனித்தனி சஸ்பென்ஷனுடன் சேர்த்து 406 மில்லிமீற்றர் தரை இடைவெளி பெற்றது. ஆனால் சில்லு வீச்சில் அது யுனிமொக்கின் அருகே வராது. எண்ணில் பெரியதாக இருந்தும் குறுக்குப் பள்ளத்தில் சில்லைத் தூக்கும் வாகனத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

எங்கள் மாவட்டத்தில் எந்தத் தரைக்கு எது வேண்டும்?

வயல் பாதையை முதலில் சொல்கிறேன், நம்மில் பெரும்பாலானவர்கள் சிக்குவது அங்கேதான். பெரும்போகம் தொடங்கி மழை விழுந்த பிறகு, உழவு இயந்திரங்கள் அதே தடத்தில் நூறு முறை போய்வந்து, இரண்டு பக்கமும் ஆழமான பள்ளமும் நடுவில் நீண்ட மேடுமாகப் பாதை மாறிவிடும். அந்தத் தடத்தில் நான்கு சில்லுகளும் ஒரே ஆழத்தில் ஓடுவதால் சில்லு வீச்சுக்கு அங்கே வேலையே இல்லை. நடு மேட்டில் டிபரன்ஷல் உரசுகிறதா இல்லையா என்பது ஒன்றுதான் கேள்வி. மூதூரில் ஒரு பழைய ஜீப்பை இப்படிச் சிக்கிய இடத்திலிருந்து நாங்கள் பின்னால் இழுத்தெடுத்த பிறகு, நடு மேட்டில் ஒரு தவாளிப்பு மிஞ்சியிருந்தது. டிபரன்ஷலின் அடி களிமண்ணை அழுத்தி வழித்து, சட்டியின் உட்புறம் போல மழமழவென்று மினுங்கச் செய்திருந்தது. சில்லுகள் நான்கும் தரையில்தான் இருந்தன, ஆனால் வாகனத்தின் எடையில் பெரும்பங்கு அந்த மேட்டில் குந்தியிருந்ததால் டயருக்குப் பிடிப்பு இல்லை. இத்தகைய பாதையில் ஒரு பக்கச் சில்லை நடு மேட்டிலும் மறுபக்கச் சில்லைத் தடத்துக்கு வெளியிலும் வைத்து ஓட்டப் பழகினால், இருக்கிற தரை இடைவெளியே பல இடங்களில் போதும்.

வாய்க்கால், உடைந்த மதகு, மழை அறுத்த கிரவல் வீதி ஆகியவை சில்லு வீச்சைச் சோதிக்கும் இடங்கள். குறிப்பாக ஓடையைச் சரிவாகக் கடக்கும்போது குறுக்கெதிர் மூலைகளில் உள்ள இரண்டு சில்லுகள் ஏறும், மற்ற இரண்டும் இறங்கும். நேராகக் கடந்தால் இரண்டு முன்சில்லுகளும் ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏறுவதால் வீச்சுக் குறைந்த வாகனமும் போய்விடும், ஆனால் அப்போது முன் பம்பரும் பின் பம்பரும் கரையில் முட்டாத கோணம் வேண்டும். எந்த வழியைத் தெரிவது என்பது உங்கள் வாகனத்தில் எது குறைவு என்பதைப் பொறுத்தது.

கோமரங்கடவல, மொறவெவப் பக்கத்துக் காட்டுப் பாதைகளில் பாறைத்திட்டும் வேரும் வரும் இடங்களில் இரண்டுமே வேண்டும். இரண்டும் இல்லாதவர் கல்லைக் காலுக்கு நடுவில் விடாமல் சில்லால் ஏறிக் கடக்க வேண்டும். கல்லை நடுவில் விட்டுப் போகும் பழக்கம் தார் வீதியில் வந்தது, டிபரன்ஷலை உடைப்பதும் அதுவே. அப்பாதைகளுக்குத் தனி வாகனமாகப் போகாதீர்கள். அந்திசாயும் நேரத்தில் சிக்கிக்கொண்டால், யானை நடமாடும் இடத்தில் இறங்கிக் கல் அடுக்க நேரும்.

குளக்கட்டில் இந்த இரண்டில் எதுவும் பெரிதல்ல. கட்டின் ஒரு விளிம்பு சரிந்திருக்கும்போது வாகனம் கவிழாமல் நிற்க வேண்டும், அதைப் பின்னால் தனியாக எழுதியிருக்கிறேன். களப்போரத்து உவர்ச் சேற்றைப் பற்றி ஒரு வரி போதும்: மேலே காய்ந்த ஓடு போலத் தெரிந்தாலும் கீழே கூழ், ஆகவே இறங்க வேண்டாம்.

நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டைப் பக்கத்துக் கடல் மணலுக்கு?

மணலில் முதலாவது டயர்க் காற்று. வீதியில் 35 பிஎஸ்ஐ வைத்து ஓடும் டயரை 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை குறைத்தால், டயர் தரையில் படும் இடம் நீண்டு, வாகனம் புதையாமல் மேலே ஓடும். காற்றைக் குறைப்பதால் டயர் சற்றுத் தாழ்ந்து தரை இடைவெளி கொஞ்சம் குறைவது உண்மைதான். புதையாமல் இருப்பதால் கிடைக்கும் உயரம் அதைவிடப் பன்மடங்கு. வீதிக்கு ஏறியதும் மறக்காமல் காற்றடிக்க வேண்டும், காற்றுக் குறைந்த டயர் தார் வீதியில் சூடேறி வெடிக்கும்.

கரைவலை இழுக்கும் கரைகளில் வாகனத்தை இறக்கவே வேண்டாம் என்பது என் வேண்டுகோள். மணலில் புதைந்து கிடக்கும் கயிற்றின்மேல் சில்லு ஏறினால் அறுவது பல குடும்பங்களின் அன்றைய உழைப்பு.

பெரிய டயர் போட்டால் போதாதா?

முழு அச்சில், டிபரன்ஷலுக்கும் தரைக்கும் இடையிலான உயரத்தை உண்மையாகக் கூட்டுவது டயர் ஒன்றுதான் (யுனிமொக் போன்ற அச்சைத் தவிர). ஆனால் கூடும் அளவு பலர் நினைப்பதைவிடக் குறைவு. 265/65 ஆர்17 டயரின் விட்டம் ஏறத்தாழ 776 மில்லிமீற்றர், 265/70 ஆர்17 இன் விட்டம் ஏறத்தாழ 803. வித்தியாசம் 27 மில்லிமீற்றர், அதில் பாதியே தரைக்கு மேல் கிடைக்கும், அதாவது 13 மில்லிமீற்றர் அளவில். ஒரு விரலின் தடிப்பு. அதற்குமே வேகமானி 100 காட்டும்போது வாகனம் 103 இல் ஓடும், முதலாம் கியரின் இழுவையும் அதே வீதத்தில் குறையும்.

அதற்கு மேலும் பெரிதாக்கினால், சில்லு முழுதும் ஏறும்போது மட்காட்டில் உரசும். உரசாமல் இருக்க ஸ்பிரிங் ஏறும் தூரத்தைக் கட்டையிட்டுக் குறைப்பார்கள். அப்படிச் செய்த இடத்தில் சில்லு வீச்சை விற்றுத் தரை இடைவெளியை வாங்கியிருக்கிறோம். வயல் பாதை மட்டும் ஓடுபவருக்கு அது நியாயமான பேரம், காட்டுப் பாதை ஓடுபவருக்கு அல்ல.

உடலை மட்டும் சேசியிலிருந்து உயர்த்துவது எப்படி?

சேசிக்கும் உடலுக்கும் இடையில் கட்டை வைப்பதால் பெரிய டயருக்கு இடம் கிடைக்கும். சேசி, டிபரன்ஷல், கியர்ப்பெட்டி எதுவும் ஒரு மில்லிமீற்றர்கூட உயராது.

என் வாகனத்தின் சில்லு வீச்சை நானே அளக்க முடியுமா?

உலகெங்கும் பாவிக்கப்படும் முறை எளியது. 20 பாகைச் சரிவுள்ள ஏற்றப் பலகையில் ஒரு முன்சில்லை மட்டும் மெதுவாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும். மற்ற மூன்றில் ஏதாவது ஒரு சில்லு தரையை விடும் கணத்தில் நிறுத்தி, பலகையில் ஏறிய தூரத்தை அளந்து, முன்பின் சில்லுகளுக்கு இடையிலான நீளத்தால் பிரித்து, 1000 ஆல் பெருக்க வேண்டும். ஜிம்னி 1125 மில்லிமீற்றர் ஏறினால் அதன் மதிப்பு 500. அதே 1125 ஐ ஹைலக்ஸ் ஏறினால் 365 தான் வரும், ஏனெனில் அது நீளமானது. அந்தத் தூரத்தில் சில்லு செங்குத்தாக ஏறிய உயரம் 385 மில்லிமீற்றர் அளவில் இருக்கும்.

பலகை இல்லாதவர்கள் ஓர் உறுதியான மண்மேட்டைப் பாவிக்கலாம். ஒருவர் மிக மெதுவாக ஓட்ட, இன்னொருவர் எட்ட நின்று பார்க்க வேண்டும். வாகனம் நின்று, கைப்பிரேக் இழுத்து, மற்றச் சில்லுகளுக்கு அடியில் கட்டை வைத்த பிறகு, எடை குறைந்த சில்லின் கீழ் ஒரு கடதாசித் துண்டை நுழைத்து இழுத்துப் பாருங்கள். கிழியாமல் வந்தால் அந்தச் சில்லு வேலை செய்யவில்லை. எந்தக் காரணத்துக்காகவும் வாகனத்துக்கு அடியில் படுக்காதீர்கள்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் சில்லெல்லாம் இழுக்கும் என்று எண்ண வேண்டாம். முழுதும் நீண்டு தொங்கி, எடையே இல்லாமல் தரையைத் தடவும் சில்லால் பெரிய பிடிப்பு வராது. எண்ணைப் பெருக்குவதற்காக ஸ்பிரிங்கைக் கழன்று தொங்க விடும் வேலைகளை நான் விரும்பாததற்குக் காரணம் அதுதான்.

இடது வலது சில்லுகளை இணைக்கும் ஸ்டபிலைசர் கம்பியைக் கழற்றிவிடலாமா?

அந்தக் கம்பி வளைவில் வாகனம் சாயாமல் இருக்க, ஒரு சில்லு ஏறும்போது மற்றதையும் சேர்த்துத் தூக்கப் பார்க்கும். ஆகவே அதைக் கழற்றினால் சில்லு வீச்சு கூடும் என்பது உண்மை. ஜீப் ரங்லர் ரூபிகனில் இதை ஒரு பொத்தானால் விடுவிக்கலாம். டொயோட்டாவின் கேடிஎஸ்எஸ் அமைப்பு நீரியல் உருளைகளால் தானாகவே தளர்த்துகிறது. கையால் கழற்றுபவர்கள் கடினமான இடத்துக்கு முன் கழற்றி, வீதிக்கு ஏறுமுன் பூட்ட வேண்டும். கழற்றியபடியே கந்தளாயிலிருந்து ஹபரணைக்கு 80 இல் போவது, திடீரென மாடோ யானையோ குறுக்கே வரும்போது உயிருக்கு ஆபத்து.

உயர்த்தினால் கவிழும் அபாயம் எவ்வளவு கூடும்?

சில்லுகளின் அகலம் 1500 மில்லிமீற்றர், எடையின் மையம் தரையிலிருந்து 700 மில்லிமீற்றர் என்று கொண்டால், கணக்கின்படி வாகனம் 47 பாகைச் சாய்வில் கவிழும். 50 மில்லிமீற்றர் உயர்த்தினால் அது 45 பாகையாகும். இரண்டு பாகைதானே என்று தோன்றும். உண்மையில் தாழ்ந்த பக்க ஸ்பிரிங் அமுங்கி, கூரையில் உள்ள சாமானும் அந்தப் பக்கம் சாய்வதால், வாகனம் கணக்கிலுள்ள கோணத்துக்கு வெகு முன்னரே கவிழும். மென்மையான ஸ்பிரிங்கும் அதிக வீச்சும் உள்ள வாகனம் குளக்கட்டின் சரிவில் இன்னும் கூடுதலாகச் சாயும். சில்லு வீச்சுக்கும் ஒரு விலை உண்டு என்பது அங்கேதான் தெரியும். கூரைமேல் தண்ணீர்க் கலன்களும் மேலதிகச் சில்லும் ஏற்றுவதை விட்டாலே பாதி அபாயம் போய்விடும்.

டிபரன்ஷல் லொக்கர் இருந்தால் சில்லு வீச்சு தேவையில்லையா?

லொக்கர் இரு சில்லுகளையும் ஒன்றாகப் பூட்டிவிடுவதால், தொங்கும் சில்லைப் பொருட்படுத்தாமல் தரையில் உள்ள சில்லு இழுக்கும். தம்பலகாமத்து டபுள் கெப்பில் பின் லொக்கர் இருந்திருந்தால் அது போயிருக்கும் என்றே நம்புகிறேன். பிரேக்கை அழுத்திச் சுற்றும் சில்லை அடக்கும் மின்னணு முறையும் அதே வேலையைச் செய்யும், ஆனால் சில்லு சற்றுச் சுற்றிய பிறகே அது விழித்துக்கொள்ளும். அந்தச் சுற்றலுக்குள் சேறு குழியாகிவிடும். முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள டபுள் கெப்புக்கு, வீச்சைக் கூட்டச் செலவழிப்பதைவிடப் பின் லொக்கருக்குச் செலவழிப்பது சரியான தெரிவு. இருந்தாலும் ஒரு சில்லு காற்றில் நிற்கும் வாகனம் சமநிலை குலைந்தே நிற்கிறது, லொக்கர் அதைச் சரிசெய்யாது.

கையில் பணம் குறைவு. எதை முதலில் செய்வது?

காசு செலவாகாததை முதலில் செய்யுங்கள். கதவின் கீழ் நீண்டிருக்கும் கால்மிதிக் குழாய், தேவையில்லாத இழுவைக் கொக்கி, பின் பம்பரில் பூட்டிய அலங்காரக் கம்பி ஆகியவற்றைக் கழற்றிப் பாருங்கள். பல டபுள் கெப்புகளில் வரப்பில் முதலில் தட்டுவது அந்தக் கால்மிதிதான். அடுத்து ஒரு நம்பகமான காற்றளவு மானியும், தேயாத டயரும். பின்னர் எண்ணெய்த் தட்டுக்கும் கியர்ப்பெட்டிக்கும் கீழே உறுதியான அடித்தகடு; அது இடைவெளியைக் கூட்டாது, தட்டினாலும் உடையாமல் காக்கும். அதற்குப் பிறகு லொக்கர். உயர்த்துவதை நான் கடைசியில் வைப்பேன், அதுவும் ஓரிரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வாகனத்தில் அதற்கு மேல் போனால், சில்லுக்குப் போகும் தண்டின் மூட்டு அதிகம் வளைந்து, இறப்பர் உறை கிழிந்து, உள்ளே மணல் புகும். உயரத்தை மாற்றுவதற்கு முன் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் உங்கள் காப்புறுதி நிறுவனத்திடமும் கேட்டு, விடையை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

உயர்ந்த வாகனம் இருந்தால், மாரியில் நீர் பாயும் தாம்போதியைக் கடக்கலாமா?

தரை இடைவெளி நீரின் ஆழத்துக்கு ஓரளவு உதவும், ஓட்டத்தின் விசைக்கு உதவாது. கதவளவுக்கு நீர் வந்தால் வாகனம் மிதக்கத் தொடங்கி டயரின் பிடி குறையும், அந்த நேரத்தில் ஃபோர் வீலும் லொக்கரும் பயன்படா. குளம் வான் பாய்ந்து நீர் குறுக்கே ஓடும் நாட்களில், வற்றும்வரை காத்திருங்கள். ஓட்டமில்லாத ஆழம் குறைந்த நீரைக் கடந்தவர்களும் ஒன்றைச் செய்ய வேண்டும். சூடான டிபரன்ஷல் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, மூச்சுக்குழாய் வழியாகவோ பழுதான சீல் வழியாகவோ நீரை உறிஞ்சிவிடும். வீடு வந்து வாகனம் ஆறிய பிறகு டிபரன்ஷலின் திருகாணியைச் சற்றுத் தளர்த்தி எண்ணெயைப் பாருங்கள். பால் கலந்த தேநீரின் நிறத்தில் வந்தால், அன்றைக்கே வடித்துப் புது எண்ணெய் ஊற்றுங்கள்.